அப்பாவின் குழியில் இருந்தவன்

கராங்காசெம், பாலி
1979 பிப்ரவரி 21

பரீகியில் இருக்கும் மாதே ருங்கு அண்ணனுக்கு, தங்கை லஸ்தி வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கிறோம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் காணிக்கை வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடிதம் நாற்பது நாள் கழித்து வந்து சேர்ந்தது. இரண்டு ஹெக்டேர் காடு திருத்தி நெல் போட்டிருக்கிறாய் என்று வாசித்ததும் சிரித்துவிட்டேன். ஊரில் வரப்பு வெட்டக் கூப்பிட்டால் உனக்கு வயிற்றுவலி வந்துவிடும். இங்கே மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்கிறது. பன்றி ஆறு குட்டி போட்டது. என் பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, உன் புத்தி.

நீ கேட்டிருந்த அப்பா அம்மா காரியம் முடிந்தது. பெசாகிக் கோயிலின் பெரிய பூஜைக்கு முன்னால் எந்த ஊரிலும் பிணம் மண்ணுக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பிரிவான பஞ்சாரில் மட்டும் முப்பத்தொரு பேரை ஒரே நாளில் எரித்தோம். கல்யாணமாகி வேறு வீட்டுச் சாமியைக் கும்பிடுகிறவள் அப்பன் எலும்பைத் தூக்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். மகன் கடல் தாண்டி உட்கார்ந்திருந்தால் பிறகு யார் தூக்குவதாம் என்று கேட்டேன். அம்மாவை முதல் நாளே எடுத்துவிட்டோம், ஒரு தடங்கலும் இல்லை.

அண்ணா, இனிமேல் எழுதுவதை அண்ணி பக்கத்தில் இல்லாதபோது வாசி.

ரெந்தெப்பின் அம்மாவும் இந்த முறை மகனுக்காகப் பெயர் கொடுத்திருந்தாள். பஞ்சார் தலைவர் இழுத்தார். லாரியில் போனவர்களுக்கெல்லாம் சடங்கு செய்தால் மேலே கேள்வி வருமே என்றார். ஒருத்தரை விட்டாலும் பூஜை நிறைவேறாது என்று பூசாரி சொன்ன பிறகுதான் அவள் மகனைச் சேர்த்தார்கள். எலும்பு இல்லாதவர்களுக்கு ஒரு சந்தனத் துண்டில் உருவம் வரைந்து வைக்க வேண்டும். அதோடு வைக்க அவள் கடற்கரைக்கு நடந்தே போய் ஒரு சிரட்டை மணல் அள்ளி வந்தாள். லாரி கடலுக்குத்தான் போனது என்று அன்றைக்கு யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே ஊர் விட்டுவிட்டது, உனக்குத் தெரியுமா? கூப்பிட்டால் மகன் பெயரும் சேர்ந்து வாயில் வருகிறதே. நானும் "இந்தாங்க" என்று சொல்லித்தான் பேசுவேன்.

அப்பாவை எடுக்கிற அன்று என் வீட்டுக்காரர் குழிக்குள் இறங்கினார். நான் மேலே வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தேன். இடுப்பளவு தோண்டும் முன்பே எலும்பு தட்டுப்பட்டது. இவ்வளவு மேலேயா புதைத்தோம் என்று யோசித்துக்கொண்டே வாங்கி வாங்கித் துடைத்து வைத்தேன். கடைசியாகத் தலை வந்தது. மேல் வரிசையில் கோரைப்பல் இரண்டும் கூராக இருந்தன. அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சடங்குப்படி பல்லை அரத்தால் ராவிச் சமமாக்கியாகிவிட்டது, போதாததற்கு வெற்றிலைக் கறை வேறு. இது ஒரு கறையும் இல்லாத இளம் பல். முன்பல்லில் ஒன்று சாய்வாக உடைந்திருந்தது.

அந்தப் பல்லை உடைத்தது உன் பம்பரம். கோயில் வாசலில் நீ ஓங்கி விட்டது ரெந்தெப் வாயில் பட்டது. அவன் அழவில்லை, நீதான் அழுதாய். அப்போது நான் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வாலைப்போல அலைந்துகொண்டிருந்தவள். எனக்கு எப்படி மறக்கும்?

என் வீட்டுக்காரருக்கும் புரிந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் அவரவர் குழியில் மும்முரமாக இருந்தார்கள். இன்னும் தோண்டினார். கீழே அப்பா பத்திரமாக இருந்தார். வீட்டுக்காரர் குழியிலிருந்தபடியே மெதுவாகச் சொன்னார்: "ரெண்டையும் ஒரே துணியில கட்டு. எரிஞ்சா எல்லாம் ஒரே சாம்பல். உங்க அண்ணன் பேரு வெளிய வர வேணாம்."

நான் கட்டத்தான் போனேன். பொய் சொல்ல மாட்டேன், துணியை மடித்துவிட்டேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். இவன் நம் அப்பா பெயரில் எரிந்து நம் வீட்டு முன்னோரோடு உட்காருவான். அவனைப் பெற்றவள் ஒரு சிரட்டை மணலுக்குச் சோறு படைப்பாள். என்னால் முடியவில்லை. அவனைத் தனியாகக் கட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் பந்தலுக்குப் போனேன்.

அவள் சந்தனத் துண்டுக்குப் பூச் செருகிக்கொண்டிருந்தாள். மடியில் வைத்தேன். பிரித்தாள். அந்தப் பல்லில் விரலை வைத்தாள்.

"எங்கடி கெடந்தான்?"

"எங்கப்பாவுக்கு மேல."

"கடல்ல போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. பதிமூணு வருஷமா நான் மீன் திங்கல."

அந்தக் குழியைத் தேடிப்போய் யார் தோண்டியிருக்க முடியும் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு எழுந்துபோய் பூசாரியை அழைத்து வந்தாள். பல் ராவாமல் போன பிள்ளைகளை செத்தவர்கள் உலகத்தில் மூங்கில் வேரைக் கடிக்க வைப்பார்களாம், இவனை அப்படி அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். செத்த பிறகு அது எதற்கு என்று பூசாரி சொல்லிப் பார்த்தார். கடைசியில் அரத்தை எடுத்தார். ராவும்போது தலையைப் பிடித்துக்கொள்ள வீட்டு ஆள் வேண்டும். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? என்னைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன் அண்ணா. அரம் தேய்க்கும் அதிர்வு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. சோறு பிசையும்போது வருகிறது.

மறுநாள் முப்பத்தொரு பேரும் எரிந்தார்கள். அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, நீ அனுப்பிய துணியைத்தான் மேலே போர்த்தினேன். அவனை வரிசையில் கடைசியில் வைத்திருந்தார்கள். மழை வருவதும் போவதுமாக இருந்ததால் அவன் நெருப்புதான் கடைசியாக அணைந்தது.

லாரி வந்த அந்த அறுபத்தைந்து டிசம்பரை நான் மறந்த மாதிரி நடித்தேனே தவிர மறக்கவில்லை. கம்யூனிஸ்டுக் கட்சி நாடகத்தில் மேளம் அடித்தான் என்பதற்காக அவன் பெயரைக் கொலைப் பட்டியலில் எழுதினார்கள். நீ அவனைப் பிடிக்க வந்தவர்களைப் போலக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதே லாரியில் ஏறினாய். ஏறாவிட்டால் நம் வீட்டுக்கும் நெருப்பு வைப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னாய். மறுநாள்தான் வந்தாய். உன் நகத்தில் மண் இருந்தது, அம்மா ஊசியால் எடுத்தாள். மூன்றாம் மாதம் சுலவேசித் தீவில் குடியேறப் பெயர் கொடுத்துவிட்டாய். எல்லோரும் நிலத்துக்காகப் போகிறாய் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றுகிறது. கடலில் வீச விடாமல் அவனைச் சுமந்துவந்து அப்பாவிடம் ஒப்படைத்தாய் என்று ஒரு நேரம் நினைக்கிறேன். அப்போது உன் காலில் விழலாம் போல இருக்கிறது. அடுத்த நேரமே அவனை வெட்டிய கத்தி யார் கையில் இருந்தது என்று கேள்வி வருகிறது. உன் மேல் கோபமும் இருக்கிறது, உன்னை நினைத்தால் அழுகையும் வருகிறது. எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று ரெந்தெப் அம்மா வந்தாள். பரீகிக்குக் கடிதம் போடுவாயா என்று கேட்டாள். போடுவேன் என்றேன்.

"அவன் கொன்னானா பொதைச்சானான்னு நான் கேக்கப் போறதில்ல. எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்? அத மட்டும் எழுதச் சொல்லு."

அண்ணா, அவளுக்கு எழுத்து தெரியாது. நீ எழுதுவதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்துக் காட்டுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். அவள் மனம் ஆறட்டும் என்று எதையும் கட்டி எழுதாதே. அவன் அம்மா என்று கூப்பிட்டிருந்தால் அதை எழுது. ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் அதை எழுது. அவன் உன் பெயரைச் சொல்லி உன்னைத்தான் கெஞ்சினான் என்றால், அதையும் எழுது. நான் நிறுத்தாமல் வாசிப்பேன்.

உன் பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும். உன் வயல் விளையட்டும். அவளுக்குப் பதில் எழுது.

எதுவானாலும் உன் தங்கையாகவே இருக்கும்,
லஸ்தி