ஆயிரம் எம்.எம்.

அக்கா,

தூக்குப்போசியைத் திறந்ததும் கிராம்பு வாசனைதான் முதலில் வந்தது. சோறு கொண்டுபோகிற போசிக்குள் கேமரா லென்ஸை வைத்து மூடுகிற ஆள் இந்தச் சேலத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அடியில் செருப்புப் பெட்டிகளிலிருந்து சேர்த்துவைத்த, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். நடுவில் பழைய துப்பட்டாத் துணியில் சுற்றிய அந்த ஜூம் லென்ஸ். கிராம்பு எதற்கென்று ஒருமுறை கேட்டேன். "பூஞ்சை அண்டாதும்மா" என்றீர்கள். யார் சொன்னது என்றால், "நாந்தான் சொல்றேன்ல" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள்.

போசியையும் கேமராவையும் உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருநாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவேயில்லை என்பதற்கு அவளே இன்னும் பழகவில்லை. அதற்குள் கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது. "சித்தி, என் நிக்காஹ்ல பொம்பளைங்க பக்கம் நீங்கதான் எடுக்கணும். அம்மாவோட இந்த லென்ஸ்லயே எடுங்க" என்றாள். கல்யாணம் கல்யாணமாகப் பெண்கள் பக்கம் நீங்களும் நானும் சேர்ந்து படமெடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள். சரி என்றுவிட்டேன். அவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

அந்த லென்ஸை முதன்முதலாகப் புதுக் கேமராவில் மாட்டிய நாள் உங்களுக்கு நினைவிருக்குமா? எங்கள் ஊர்ப் பக்கம் ஜேடர்பாளையத்தில், அணைக்கு எதிரே, பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். பிலிம் காலத்து லென்ஸ் மிரர்லெஸ் கேமராவில் நேராக உட்காராது என்று நடுவில் ஒரு அடாப்டர் வளையம் வாங்கியிருந்தோம். திருகி மாட்டியதும் திரையில் அணை தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது. ஆனால் பொத்தானை அழுத்தினால் 'லென்ஸ் பொருத்தப்படவில்லை' என்று சொல்லிப் படமெடுக்க மறுத்துவிட்டது. "கண்ணு முன்னாடி நிக்கிறேன், இல்லைங்குது பாரு. எங்க மாமியாரேதான்" என்று சிரித்தீர்கள். லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதி என்று மெனுவில் ஓரிடத்தில் மாற்ற வேண்டும் என்பதை, அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு இருவரும் கண்டுபிடித்தோம்.

பிறகுதான் அந்த எண். புது லென்ஸ் தான் எத்தனை எம்.எம்., அதாவது தூரத்தை எவ்வளவு அருகே இழுக்கும் என்பதைக் கேமராவிடம் தானே சொல்லிவிடும். கை ஆட்டத்தை எவ்வளவு தாங்கிப் பிடிப்பது என்று கேமராவும் அதை வைத்து முடிவு செய்துகொள்ளும். பழைய லென்ஸுக்குப் பேச்சு வராது, நாம்தான் எண்ணைப் போட வேண்டும். விளையாட்டுக்கு ஐந்நூறு என்று போட்டுப் பார்த்தோம். அணையின் மதகெல்லாம் திரையில் கூத்தாடியது. "அய்யோ, ஆத்துல வெள்ளம் வந்துருச்சு" என்றீர்கள். எண்ணைக் கூட்டினால் ஆட்டமும் கூடும் என்று அன்றைக்கே நமக்குத் தெரிந்துபோனது. அதன்பின் நீங்கள் எப்போதும் அந்த லென்ஸுக்கு உரிய நூற்று முப்பத்தைந்தில்தான் வைத்திருந்தீர்கள்.

போன வாரம் மொட்டை மாடியில் நின்று பழகிப் பார்த்தேன். கொடியில் காய்ந்த புடவை தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. லென்ஸைக் கழற்றினேன், துடைத்தேன், அடாப்டரைத் திட்டினேன். கடைசியில் மெனுவைத் திறந்தால், அங்கே ஆயிரம் எம்.எம். என்று இருந்தது. அந்தக் கேமராவில் அதற்குமேல் எண் கிடையாது.

ஏனுங்கக்கா அப்படி வைத்தீர்கள்? விரல் தவறிப் பட்டிருக்கும் என்றால், நூற்று முப்பத்தைந்திலிருந்து ஆயிரம் வரை விரல் எப்படித் தவறிக்கொண்டே போகும்? எண் கூடினால் பிடிப்பும் கூடும் என்று நினைத்தீர்கள் என்றால், ஜேடர்பாளையத்தில் சிரித்தது யார்? அப்படியும் வைத்திருக்கிறீர்கள். கேமரா எப்படியாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று கடைசிக் கோடிவரை தள்ளிப் பார்த்தீர்களா?

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. டீயை அரை டம்ளர் போதும் என்பீர்களே, சர்க்கரைக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். நிறைந்தால் சிந்திவிடும் என்றுதானா? கடைசிக் கல்யாணங்களில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றித்தான் எடுத்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "கீழ இருந்து எடுத்தா பொண்ணு உயரமாத் தெரிவா" என்றீர்கள். படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஃப்ளாஷில் எடுத்தவை, துல்லியமாகத்தான் இருக்கின்றன. ஃப்ளாஷ் வெட்டும் நேரத்தில் கை ஆடினாலும் தெரியாது. ஆடியதா, ஆடவில்லையா? நினைக்க நினைக்கக் குழப்பம்தான் மிச்சம். ஆடியது என்று தெரிந்தால் பெண்கள் பக்கத்துக்கு உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். கோபமாக வருகிறது, யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

அஸ்தம்பட்டி மண்டபத்தில் நேற்று நிக்காஹ் நடந்தது. கேமராவின் நடுக்கப் பிடிப்பை மொத்தமாக அணைத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த ஆயிரத்தை மாற்ற மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கருகமணி கட்டும்போது உங்கள் மகள் தலையைக் குனிந்தாள், உங்கள் நெற்றி அப்படியே தெரிந்தது. எனக்குக் கை உதறத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எடுத்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது அக்கா. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

கூட்டம் சாப்பிடப் போனதும் அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அம்மாவும் கடைசில இப்படிக் கீழ உக்காந்துதான் எடுத்தாங்க சித்தி. ஏன்னு கேட்டா முட்டி வலின்னாங்க. மாடிப்படியெல்லாம் நல்லாத்தான் ஏறுனாங்க. உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

என்னிடம் ஒன்று, அவளிடம் வேறொன்று. சொன்ன காரணம் உண்மையாக இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் அதையே சொல்லியிருப்பீர்கள். கை ஆடத்தான் ஆடியிருக்கிறது. அத்தனை நாள் குழப்பமும் அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. மருதாணிக் கையால் என் கையைப் பிடித்தபடி அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயும் அதேதான் சாமி. முட்டி வலின்னுதான் சொன்னாங்க" என்றேன்.

அவள் மூச்சை விட்டாள். "அப்ப சரி. எனக்கென்னமோ, பெருசா எதையோ மறைச்ச மாதிரியே இருந்துச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட எழுந்தாள்.

செய்தது சரியா என்று இப்போது புதுக் குழப்பம் பிடித்துக்கொண்டது. என்றாவது ஒருநாள் அவளுக்கும் சொல்ல வேண்டுமோ என்னவோ. அதுவரைக்கும் லென்ஸ் போசிக்குள் இருக்கும், கிராம்பும் மாற்றிவிடுகிறேன். இனி பெண்கள் பக்கம் கீழே உட்கார்ந்துதான் எடுப்பதாக இருக்கிறேன். நேற்றே ஒரு அம்மா கேட்டார், ஏன் கண்ணு தரையில் உட்கார்ந்து எடுக்கிறாய் என்று.

"கீழ இருந்து எடுத்தா பொண்ணு உயரமாத் தெரிவாங்க" என்றேன்.