எள்ளுருண்டையும் என் வைத்தியமும்

1956 புரட்டாசி, சனிக்கிழமை.

மதியம் எள்ளுருண்டை தின்ற மகள் கமலாவுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்தது. தோல் பதனிடுகிற வேலையில் சுண்ணாம்பு பட்டுக் கை அரித்தால் நல்லெண்ணெய்தான் தடவுவோம். அந்த மகா வைத்தியத்தை அவள் உதட்டிலும் செய்தேன். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஜட்கா பிடித்து ஆம்பூர் டாக்டரிடம் கொண்டுபோனோம்.

ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எள்ளு ஆகாத புள்ளைக்கு எள்ளெண்ணெயே தடவுனியா? இன்னாய்யா படிச்சிருக்கே?"

"எட்டாவதுங்க."

"நல்லவேளை, ஒம்பதாவது போகல. இனிமே எள்ளே கூடாது. அடுத்த தடவை தாங்கமாட்டா."

வீட்டில் இட்லிப்பொடி, ஊறுகாய், தாளிப்பு எல்லாமே நல்லெண்ணெய். மனைவி ஜாடியோடு கொட்டிவிட்டாள். வெளியே யாரிடம் போய்ச் சொல்வது? எள்ளால் உயிர் போகும் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவள் கையில் யார் எதைக் கொடுப்பார்களோ.