புளிச் செரி காய்ச்சின நாள்

இஞ்சாருங்கோ,

இஞ்சை வெளிநாட்டிலை எங்கடை வீட்டுப் பின்வளவுச் செரி மரத்தை வெட்டத்தான் இருந்தன். பழம் அவ்வளவு புளி. பக்கத்து வீட்டு மரியா அன்ரி மறிச்சா. "உது காய்ச்சிச் சாப்பிடுற சாதி. சோடி மரம் தேவையில்லை, தனிச்சு நிண்டே காய்க்கும்," எண்டா. அதைக் கேட்க மரத்திலை எனக்கு ஒரு மரியாதை வந்துது.

நேற்று செத்தல் மிளகாய் போட்டுக் காய்ச்சினன். சோத்தோடை சாப்பிடேக்கை போன் அடிச்சுது. மகள்தான் எடுத்தாள். "அம்மா, யாரோ ஒரு அங்கிள் அழுறார்."

சண்டை முடிஞ்ச நாளிலையிருந்து முகாம் முகாமாய் விசாரிச்சும் உங்கடை பேர் ஒரு இடத்திலும் இருக்கேல்லை. போனை வாங்கி உங்கடை குரலைக் கேட்டதும் விளங்கீட்டுது. "உன்ரை அப்பாவடி!" எண்டு கத்தினன்.

அதோடை போனைப் பறிச்சிட்டாள். விழுந்த பல்லு, டீச்சரின்ரை நாய், எல்லாம் சொன்னாள். நீங்கள் கொழும்பிலை அக்கா வீட்டிலை எண்டதையே அவள் சொல்லித்தான் அறிஞ்சன். லைன் அறுந்த பிறகுதான் போன் திரும்ப என்ரை கைக்கு வந்துது.

நாளைக்கும் எடுப்பியளாம், அதுவும் தனக்குத்தானாம். அதாலை நான் எழுதுறன்.

உங்கடை மனிசி