நான்கு மூலை மஞ்சள்

அப்பா,

இன்று காலை மேல்வீட்டு அக்கா தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துக்கொண்டு வந்தார். "வெளிநாட்டுல படிச்ச பொண்ணு, உன் கையால தொட்டுக் குடும்மா" என்று நீட்டினார். அந்த வாசனை பட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

ப்ளஸ் டூவோடு சேர்த்தே சில கல்லூரிப் பாடங்களை முடித்துவிட்டால் அமெரிக்காவில் கிரெடிட் தருவார்கள், ஒரு வருஷம் முன்னதாகவே பட்டம் வாங்கிவிடலாம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள்தான். இரண்டு வருஷம், சனி ஞாயிறு தவறாமல், கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரத்துக் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டீர்கள். வகுப்பு முடியும்வரை வெளியே பேப்பரோடு உட்கார்ந்திருப்பீர்கள். விளம்பரம்கூட விடாமல் படித்திருப்பீர்கள்.

கல்லூரி சீல் வைத்துக் கொடுத்த மதிப்பெண் கவரை, நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஆவி காட்டிப் பிரித்து, உள்ளே இருந்த தாளுக்கு மஞ்சள் வைத்து, மறுபடி ஒட்டிவிட்டீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. அங்கே பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு பெண்மணி கவரைத் திருப்பி, ஒட்டிய இடத்தில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். பிரித்த கவர் செல்லாதாம். அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்களால எனக்கு ஒரு வருஷம் போச்சுப்பா!"

"மூலையில மட்டும்தாம்மா வெச்சேன். மார்க் மேல படவே இல்ல" என்றீர்கள்.

முட்டி வலியோடு கல்லூரிக்கு நடையாய் நடந்து வேறு கவர் வாங்கி அனுப்பினீர்கள். "இந்தத் தடவை நான் தொடவே இல்லம்மா. ஆபீஸ்லேர்ந்தே நேரா கொரியர்ல போட வெச்சுட்டேன்." கவர் வந்தது. எல்லாப் பாடங்களையும் ஏற்றுக்கொண்டார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "கவர் என்னாச்சும்மா?" என்பீர்கள். "பாக்குறாங்க" என்பேன். கொஞ்ச நாள் தவிக்கட்டும் என்று நினைத்தேன். எவ்வளவு கொழுப்பு எனக்கு! மூன்று ஞாயிறு அப்படிப் போனது. நான்காவது வருவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

காரியத்துக்கு வந்த உங்கள் வாக்கிங் நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணோட ஒரு வருஷத்தைக் கெடுத்துட்டேன் சார்னு தெனம் சொல்வாரும்மா. கடைசி நாள் காலையிலகூட அதேதான்." காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

கோபம் இன்னும் தீரவில்லை அப்பா. கவரைப் பிரித்ததற்கு உங்கள் மேல் கொஞ்சம். மீதி எல்லாம் என் மேல். நான்கு வருஷப் பட்டத்தை மூன்றே வருஷத்தில் வாங்கிவிட்டேன். உங்களால் எனக்கு ஒரு நாள்கூட வீணாகவில்லை. இந்தத் தெருவில் அது தெரியாமல் போனவர் நீங்கள் ஒருவர்தான்.