அறுபத்தாறு கிலோ

இரண்டு மாதமாகத் தினமும் விடியலில் எடுக்கிற ட்யூப்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஜீப் சக்கரத்து ட்யூபை நீங்கள் சொல்லச் சொல்ல நான் கத்தியால் நீளவாக்கில் அறுத்தது. இன்று ஈரக் குளிரில் ரப்பர் வாசனை தூக்கலாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு டீசலும் பீடியும் உங்கள் காக்கிச் சட்டையும் வந்து நின்றன. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். திறந்தபோது பனி எஸ்டேட் லயத்து வாசல்வரை வந்திருந்தது. எதிர்மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

சூரியநெல்லிக்கு வருகிறவர்களை ஜீப்பில் மலைமேல் ஏற்றிப் போய்ச் சூரியன் எழுவதைக் காட்டிய மனிதர் நீங்கள். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்த பிறகு கட்டிலோடு கிடந்தீர்கள். நீங்கள் கேட்டது ஒன்றுதான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், மலையேறும் ஜீப்புகளைப் பார்க்க வேண்டும். கட்டிலை வாசல் பக்கம் போட்டும், அந்த இரண்டு எட்டு தூரத்துக்கு உங்களைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது. அவர்கள் கைபோட்டதுமே கண்ணை இறுக மூடிக்கொள்வீர்கள். மூன்றாம் நாள், "வேணாம் புள்ள, இங்கயே கெடக்கேன்" என்றீர்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நானே தூக்குகிறேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து உங்களைப் பார்க்கும் பாலியேட்டிவ் சிஸ்டர் சிரிக்கவில்லை. "சேச்சி, நடுமுதுகு ஒடிஞ்சு போகும் கேட்டோ. முதல்ல காலுக்கும் இடுப்புக்கும் பலம் வரணும்" என்றார். படுத்தபடியே போனைத் தடவி அந்தப் பயிற்சியைத் தேடிப் பிடித்தது நீங்கள்தான். ஒன்பது வாரம், வீட்டிலேயே, தினம் நாற்பது நிமிடம். போனில் வந்த பெண் பளபளவென்று இரண்டு டம்பெல் வைத்திருந்தாள். எனக்கு வாய்த்தது தண்ணீர் நிரப்பிய எண்ணெய்க் கேன் இரண்டு, வாசற்படி, இந்த ட்யூப்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "நாளெல்லாம் கொழுந்துக் கட்டோட மலை ஏறி எறங்குறவளுக்கு என்னடி எக்சசைஸ்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் தேயிலைக் கட்டு தலைக்கு ஏறிவிட்டால் மீதியைக் கழுத்து பார்த்துக்கொள்ளும். தாழ்ந்த கட்டிலிலிருந்து ஓர் ஆளை எழுப்புவது அப்படியல்ல.

எண்ணுவது உங்கள் வேலை. "எட்டு, ஒம்பது" என்பீர்கள். அப்புறம் மறுபடி "எட்டு."

"ஒம்பது சொல்லியாச்சுங்க."

"எனக்கு ஒரு பக்கந்தான வேல செய்யுது. கணக்கும் அப்படித்தான் வரும்."

கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பேன். அந்த விடியல்களை நினைத்தால் அவை நடந்தவையா, அரைத்தூக்கத்தில் கண்டவையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பனிக்குள் நம் வீடு மட்டும் மஞ்சளாகத் தெரியும். ஊரே கரைந்துபோய் உங்கள் குரலும் என் மூச்சும் மட்டும் மிச்சம் இருக்கும்.

ஐந்தாம் வாரம் முதல்முறை தூக்கினேன். சிஸ்டர் காட்டிக் கொடுத்தபடி உங்கள் மார்பு என் மார்பில், உங்கள் நல்ல கை என் கழுத்தில். இருபத்திரண்டு வருடத்தில் பகல் வெளிச்சத்தில் நாம் அப்படி நின்றதே இல்லை. "இதுக்காகத்தான் இந்த நோவு வந்துச்சோ என்னவோ" என்று காதோரம் சொன்னீர்கள். முட்டி நடுங்க, மூச்சு வாங்க, எப்படியோ உட்கார வைத்துவிட்டேன். ஏழாம் வாரம் சுலபமாக இருந்தது. ஒன்பதாம் வாரம் அதைவிடச் சுலபம். லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் நீங்கள் இன்னும் இலேசானீர்கள். பலம் ஏறுகிறது என்று நம்பினேன்.

கொழுந்துக் கட்டைக் கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிடுகிறவள் நான். தராசு பிறகுதான் சொல்லும். அப்படிப்பட்டவளுக்கு உங்கள் எடை தெரியவில்லை.

ஒருநாள் மழை அடித்து ஊற்றியதால் நடுப்பகலிலேயே திரும்பினேன். கட்டிலோரத்து ஜன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், அக்காவின் கோழிகள் கூடியிருந்தன. உள்ளே நீங்கள் காலையில் நான் வைத்துவிட்டுப் போன சோற்றை நல்ல கையால் உருட்டி உருட்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தீர்கள். கோழிகள் கொழுத்தது எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் மெலிந்ததைப் படுத்தே கிடப்பதால் என்று நினைத்திருந்தேன்.

"என்ன பண்ணுறீங்க?" என்றேன்.

நீங்கள் ஒளிக்கவில்லை. "நீ தூக்கும்போது ஒனக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் கொறஞ்சா ஒனக்கு நல்லதுதான" என்றீர்கள். பிறகு மெதுவாக, "தூக்கிட்டேன்னு எவ்வளவு சந்தோசப்பட்ட. அதக் கெடுக்க மனசு வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து நானே ஊட்டினேன். நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் அடுத்த மாதமே நோய் இரண்டாம் முறை வந்தது. அந்த உடம்பில் தாங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் போன பிறகு பல மாதம் கேன்களைத் தொடவில்லை. என் பலம் என்று நான் பீற்றிக்கொண்டதில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு நீங்கள் பட்டினி கிடந்து கொடுத்தது? அது தெரியாமல் இருக்க முடியவில்லை. அதனால் முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். நானே எண்ணினேன். எண்ணிக்கை பிசகவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் முதலில் விழுந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் அறுபத்தாறு கிலோ என்று எழுதியிருந்தது. நேற்று சாயங்காலம் ஒரு சாக்கில் மண் நிரப்பி, கொழுந்து நிறுக்கும் தராசில் வைத்து அந்த எடைக்குச் சரிசெய்தேன். அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள். இன்று பயிற்சி முடிந்ததும் கட்டிலில் அந்தச் சாக்கை நிமிர்த்தி வைத்தேன். முழங்காலை மடக்கி, மார்போடு அணைத்து, மூச்சை விட்டு எழுந்தேன். எழுந்தது. அரைச்சுற்றுத் திரும்பி, இரண்டு எட்டு வைத்து, வாசல் நாற்காலியில் இறக்கினேன். முட்டி நடுங்கவில்லை.

பக்கத்தில் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். இந்தப் பலம் இனி எங்கே போனாலும் என்னோடு வரும், இதை எங்கும் இறக்கி வைக்க முடியாது. நீங்கள் சாப்பிட்டிருக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கலாம்.