சாக்ஸும் ஓர் உருப்படிதான்

மார்ச் 4, வெள்ளி

சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் இன்று நான் இல்லை. அதை அடுத்த கடிதத்தில் சேர்த்து விசாரித்துக்கொள்கிறேன்.

பத்து நிமிட நடைக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நடுவில் புகுந்து என் பேச்சைத் திருத்துவீர்கள். தலைமையாசிரியை வேலையிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்றாலும் உங்கள் வாய் ஓய்வு பெறவில்லை. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

நேற்று நூல்கடை மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். நம் பின்னல் கூட்டத்துக்குச் சட்டம் போட்டது யார்? நீங்கள். ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் பின்னிக்கொண்டே கேட்போம். கையில் இருக்கும் பின்னலை யார் முடித்து மேஜையில் வைக்கிறாரோ, அடுத்த புத்தகத்தை அவர்தான் சொல்ல வேண்டும். நேற்று நான் பேத்திக்குப் பின்னிய சாக்ஸைக் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தீர்கள். "சாக்ஸெல்லாம் ஒரு உருப்படியா சம்பந்தி? அதுவும் ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு" என்றீர்கள். பேக்கரிக்கார அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்குள் நீங்களே தேனீ வளர்ப்பவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அறிவித்துவிட்டீர்கள். தேனீயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே பின்னினால் யாருக்காவது ஊசியிலிருந்து ஒரு கண்ணியாவது நழுவுமா? நல்ல கதை என்றால் கண்ணி நழுவ வேண்டும்.

நான் எதைச் சொல்ல வந்தேன் என்று கேட்கக்கூட இல்லை. போன வாரம் முடித்தோமே, புருஷனை விட்டுப் போய்ப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குச் சேர்கிறாளே ஒருத்தி, அந்தக் கதைதான். முழுக்க வேண்டாம். கடைசி அத்தியாயம் மட்டும் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும்.

ஏன் தெரியுமா? அவள் தன் பச்சைக் குடையை ரயிலிலேயே விட்டுவிட்டாள். அதை வாசித்த அன்று உங்களுக்கு இருமல் என்று வேறொருவர் வாசித்தார். நம் கூட்டத்து நர்ஸ் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, குடை போச்சே!" என்றாள். கடைசியில் அந்த டிக்கெட்காரி புருஷன் வீட்டுக்கே திரும்பி வந்து, வாசலில் அதே பச்சைக் குடையை மடக்கினாள் என்று வாசித்தீர்கள். ரயிலோடு போன குடை நடந்தா வந்தது? கேட்டதற்கு, "உங்களுக்கு ஞாபகப் பிசகு" என்றீர்கள். எனக்கா? என் பிள்ளைக்கும் உங்கள் மகளுக்கும் நடந்த கல்யாணத்தில், குடும்பப் போட்டோ எடுக்கும்போது நீங்கள் என்னைத் தூண் பக்கம் நகர்த்தி நிறுத்தியதில், என் முகத்தில் பாதிதான் விழுந்தது. அது எந்தப் பாதி என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. மருமகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, கூட்டத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கையில் வைத்திருக்கிறாள். என் பிள்ளையின் அளவு. ஒரு கை மட்டும் பாக்கி. மழைக்காலம் போய் வெயில் வந்தும் அந்தக் கை வளரவில்லை. ஆனால் கடைசி அத்தியாயம் வாசித்த பிறகு, நேற்றுப் பார்த்தேன், ஊசி ஓடு ஓடு என்று ஓடுகிறது. கவனித்தீர்களா?

சாக்ஸும் உருப்படிதான். விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 8, செவ்வாய்

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. என் நலத்தை நீங்கள் விசாரிக்காவிட்டாலும் நான் உங்கள் நலத்தை விரும்புகிறேன்.

முழு ஆடைகளையும் போர்வைகளையும் மனத்தில் வைத்துத்தான் அந்த விதியை வகுத்தேன். சாக்ஸை அனுமதித்தால் நாளைக்கு யாராவது ஒரு கைக்குட்டையோடு வந்து நிற்பார்கள். ஒருமுறை வாசித்த புத்தகத்தை மறுபடி வாசிக்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை. குடை விஷயம் எழுத்தாளரின் கவனக்குறைவாக இருக்கலாம். பெரிய எழுத்தாளர்களுக்கும் அப்படி நேர்வதுண்டு. புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் மகளைப் பற்றிய பேச்சு நம் கடிதங்களில் வேண்டாம். அவள் என்ன பின்னுகிறாள், எவ்வளவு வேகமாகப் பின்னுகிறாள் என்பதை நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

தேனீக்களைப் பற்றிய புத்தகம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 16, புதன்

சம்பந்தி அம்மாவுக்கு,

போன வியாழன் நான் வரவில்லை. தேனீக்கள் என்னை மன்னிக்கட்டும். நூலகத்துக்குப் போயிருந்தேன்.

அங்கே இருக்கும் பையனுக்கு என்னைப் பார்த்ததும் ஆச்சரியம். "பாட்டி, படம் போட்ட புத்தகம் அந்தப் பக்கம் இருக்கு" என்றான். "படகு போட்ட புத்தகம் வேணும்டா" என்றேன். எடுத்துக் கொடுத்தான்.

நான் நாலாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. உங்களுக்கு அது தெரியும். நாங்கள் பெண் பார்க்க வந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை வைத்து, கூட்டிக் கூட்டி, கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தேன். நடுவில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் திரும்பிப் போகவே இல்லை, சம்பந்தி.

மழை பெய்கிறது. குடை இல்லாமல் நனைந்துகொண்டு வேலைக்கு வருகிறாள். டிக்கெட் வாங்க வரிசையில் புருஷன் நிற்கிறான். முறை வந்ததும், "வா, போகலாம்" என்கிறான். அவள் அக்கரைக்கு ஒரு டிக்கெட் கிழிக்கிறாள். ஒன்றே ஒன்று. அவனுக்கு. மீதிச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, அவன் தலைக்கு மேலே பார்த்து, "அடுத்தது யாரு?" என்கிறாள். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைத் தாள்.

வாசலும் இல்லை, மடக்கின குடையும் இல்லை. நீங்களே கட்டிவிட்டது. எங்கள் கை ஊசியில், கண் நூலில். பக்கத்தை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

ஏன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மகள் வாழாவெட்டியாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவில் நாலு பேர் பேசுகிறார்கள். வாயால் "போ" என்று சொல்ல உங்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால் அந்த டிக்கெட்காரியை முதலில் அனுப்பி வைத்தீர்கள், உங்கள் மகள் பின்னாலேயே போகட்டும் என்று.

இப்படிச் செய்வதற்கா பள்ளிக்கூடம் நடத்தினீர்கள்?

இப்படிக்கு,
புத்தகம் இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவள்


மார்ச் 19, சனி

அன்புள்ள சம்பந்திக்கு,

மறைக்க இனி ஒன்றுமில்லை. ஆமாம், கதையை மாற்றினேன். ஆனால் காரணத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள்.

அன்று வாசித்துக்கொண்டே வந்தேன். அடுத்த பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். என் மகளுக்கு நேர் எதிரே நீங்கள். அவள் என் வீட்டுக்கு வந்த மறு வாரத்திலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்த்துக்கொண்டே பின்னுகிறீர்கள். ஒரு போட்டோவை இத்தனை வருஷம் மறக்காதவர், பெண்டாட்டி புருஷனுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்து அனுப்பிய கதையை உங்கள் மருமகளை உட்கார வைத்து நான் வாசித்ததை மறப்பீர்களா? வீட்டுக்குப் போய் மகனிடம் சொல்வீர்கள். அவன் என் கதவைத் தட்டுவான். போன தடவை தட்டியபோது தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

உங்களுக்குப் பயந்துதான், சம்பந்தி, இரண்டே வாக்கியத்தில் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். குடையை மறந்துபோனேன்.

அதன் விலையைக் கேளுங்கள். அன்று திரும்பி வரும் வழியில் மகள், "அவளே திரும்பிப் போயிட்டாளேம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்த ஸ்வெட்டர் கையை விடாமல் பின்னுகிறாள். இந்த வியாழனோடு முடிந்துவிடும்; ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவனிடம் போகிறேன் என்கிறாள். பேத்தியின் துணிகளையும் மடித்து வைத்துவிட்டாள். அன்று வாசித்தது பொய் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், வரவில்லை. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் "உள்ளதை உள்ளபடி படி" என்று சொன்ன வாய்.

உங்களுக்கு இது சந்தோஷச் செய்தியாக இருக்கும். உங்கள் மருமகள் வருகிறாள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 21, திங்கள்

சம்பந்தி,

எனக்குச் சந்தோஷம் என்று யார் சொன்னது?

அவள் உங்களிடம் எதையுமே சொல்லவில்லை போலிருக்கிறது. நல்ல பெண். நானே சொல்கிறேன். அவள் கிளம்பிய அன்று என் பிள்ளை அவள் மேல் கை நீட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். பேத்தியும் பார்த்தாள். அவன் குளிக்கப் போன நேரத்தில் வாசல் கதவைத் திறந்தது நான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தது நான். "அத்தை, நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?" என்றாள். "நீ போடி, அவன் என் வயித்துல பொறந்தவன், நான் பாத்துக்கறேன்" என்றேன். சோப்பு நுரையோடு வெளியே வந்து, "எங்கே அவ?" என்று கத்தினான். "போயிட்டா. நான்தான் அனுப்பினேன்" என்றேன். அன்றிலிருந்து அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அவன் சட்டையை அவனே துவைத்துக்கொள்கிறான். ஒரு காலர்கூட வெளுப்பதில்லை.

எதிரே உட்கார்ந்து ஏன் வாயைத் திறக்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? திறந்தால் நீங்கள் எல்லாம் என்ன சொல்வீர்கள்? மாமியார்க்காரி சமாதானம் பேசி இழுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்பீர்கள். அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாடியில் சும்மா உட்கார விடமாட்டார்கள், ஊசி பிடித்தாக வேண்டும். அதனால் இந்த வயதில் நூல்கடைக்காரியிடம் திட்டு வாங்கிப் பின்னக் கற்றுக்கொண்டேன். ஒரு சாக்ஸ் பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் வந்ததற்குக் காரணம் அதுதான். பின்னும்போது நான் சாக்ஸைப் பார்க்கவில்லை.

இப்போது கேளுங்கள். இந்த வியாழன் புத்தகத்தைச் சொல்வது நான். வாசிப்பதும் நான்தான். கடைசி அத்தியாயம். நான் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு வரி முடிவதற்குள் நீங்கள் ரெண்டு வரிசை பின்னலாம். பேக்கரிக்கார அம்மா சிரிக்கட்டும். நடுவில் யாராவது திருத்தினால் அந்த வரியை மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசிப்பேன். வாசல் கதவைச் சாத்தினால் மாடிப்படியில் நின்று வாசிப்பேன். எனக்குக் குரல் இருக்கிறது.

கேட்ட பிறகும் அவள் போகிறேன் என்றால் போகட்டும். அது அவள் இஷ்டம். ஆனால் நீங்கள் கட்டிவிட்ட குடையை நம்பிப் போகக் கூடாது.

போட்டோ விஷயம் தனி. அதை இதோடு சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 25, வெள்ளி

அன்புள்ள அக்கா,

இத்தனை வருஷமாக உங்களை இப்படி அழைத்ததில்லை. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் வாசித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. முதல் ஆளாகப் படியிறங்கிவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் என் வாயால் சொல்லியாக வேண்டும் என்று ராத்திரி மகளிடம் சொன்னேன்: "போன தடவை நான் வாசித்தது புத்தகத்தில் இல்லை." அவள் சிரித்தாள். "குடை வந்தப்பவே எனக்குச் சந்தேகம்மா. ஆனா நீயே மாத்தி வாசிக்கிறேன்னா, நான் போறதுதான் உனக்கு இஷ்டம்னு நெனச்சேன்" என்றாள். அவள் இத்தனை நாள் காத்திருந்த பதிலை அப்போதுதான் சொன்னேன். போக வேண்டாம் என்றேன்.

நேற்று "அடுத்தது யாரு?" என்று நீங்கள் நிறுத்தியபோது நர்ஸுக்குக் கண்ணிகள் வரிசையாக நழுவின. பேக்கரிக்கார அம்மா ஊசியையே கீழே போட்டார். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விரல் இன்னும் அந்த வரியில் இருந்தது.

விதியைத் திருத்திவிட்டேன். சாக்ஸும் உருப்படிதான். நேற்று வாசிப்பு தொடங்கும் முன் நூல்கடைக்காரி நம் எல்லோரையும் எடுத்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் நிற்பது நீங்கள்.

உங்கள் தங்கை


மார்ச் 28, திங்கள்

தங்கச்சிக்கு,

நலமா? போன கடிதங்களில் கேட்காமல் விட்டதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே வந்தாள். உனக்குச் சொல்லியிருப்பாள். அந்த ஸ்வெட்டரோடுதான் வந்தாள். மேலே போட்டுக்கொண்டு. கை ரெண்டும் விரலைத் தாண்டித் தொங்கும் நீளம். மடித்து மடித்து மேலே விட்டிருந்தாள். என் பிள்ளை வெளியே வந்து, "அது எனக்குப் பின்னினதுதானே?" என்றான். "ஆமா. எனக்கு நல்லா இருக்கு" என்றாள். இங்கே விட்டுப்போன மீதித் துணிமணிகளை எடுத்துக்கொண்டாள். பேத்தியை என் மடியில் கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள். சாக்ஸ் போட்டுப் பார்த்தோம். பெரிய சாக்ஸ் வலது காலுக்கு.

அவர்கள் போன பிறகு அவன் என்னிடம் பேசினான், இத்தனை நாளில் முதல் தடவை. "பெத்தவதானே நீ? இப்படிப் பண்ணலாமா?" என்றான். "பெத்ததாலதான்டா பண்றேன்" என்றேன். கதவை அறைந்துவிட்டுப் போனான். சாப்பாட்டு நேரத்துக்கு வருவான். வரட்டும். சமைத்து வைத்திருக்கிறேன், தட்டை அவனே கழுவட்டும்.

ஸ்வெட்டரை முடித்தவள் அவள். அடுத்த புத்தகம் அவள்தான் சொல்ல வேண்டும். தேனீயை எடுத்து உள்ளே வை. யார் வாசித்தாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

போட்டோ கிடைத்தது. நடுவில்தான் நிற்கிறேன், முழு முகமும் விழுந்திருக்கிறது. ஆனால் என் கண் மூடியிருக்கிறது. "எடுக்கலாமா?" என்று நூல்கடைக்காரி ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை.

இதையும் நான் மறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
அக்கா