பறிமுதலான அட்டைப் போன்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முட்டிவலியும் நலமாகத்தான் இருக்கிறது, படியேறும்போது தவறாமல் வந்துவிடுகிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் வருகிறது, "இந்த விரல வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்று அம்மா கேட்கிறாள். அதனால்தான் கடிதம். வகுப்புக்கென்று நீ அனுப்பிய டேப்லெட் வந்து சேர்ந்தது. அம்மா அதைத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக தினமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தைக் கேள். இனிமேல் ஒவ்வொரு பிள்ளையும் ஆளுக்கொரு போன் வைத்துக்கொண்டு பாட ஆப்பில்தான் கணக்குப் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. போன் இல்லாதவர்களை உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருக்கும் சாமான் அறையில் தனியாக உட்காரவைக்கலாம் என்றார் தலைமையாசிரியை. என் ஏழாம் வகுப்பில் ஒருவன் அப்பாவின் போனைக் கொண்டுவருவான், பாதிக் கணக்கில் யாராவது அழைத்துக் கடை திறந்திருக்கா என்று கேட்பார்கள். தையற்காரரின் மகளுடைய போனில் மேல்பாதி விரிசல்விட்டுக் கறுத்துப்போய்விட்டது, அவள் கேள்வியைப் பார்க்காமலேயே விடையைத் தேர்ந்தெடுப்பாள். எதுவுமே இல்லாதவள் ஒருத்திதான், கீச்சுக்குரல் என்பதால் எல்லாருக்கும் அவள் குருவி. பின்னக் கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. சாமான் அறைக்குப் போகச் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு தன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டாள், அழக்கூட இல்லை. அங்கே தனியாக உட்காரும் பிள்ளை கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துக்கே வராமல் நின்றுவிடும், எத்தனையோ பேரை அப்படிப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கே செருப்புக்கடையில் காலி அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்தேன். போன் அளவுக்கு வெட்டி, நடுவில் ஜன்னல் போல ஓட்டை போட்டு, மேலும் கீழும் கீறி நீளக் காகிதம் ஒன்றைச் செருகினால், இழுக்க இழுக்கக் கணக்குகள் ஒவ்வொன்றாக வரும். குருவியைத் திரும்பக் கூப்பிட்டேன், நிஜப் போன்களைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு எல்லாருக்கும் அட்டைதான் கொடுத்தேன். விடைச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவர ஒருவனை வைத்தேன், அவன் பெயர் நெட்வொர்க். அவன் தண்ணீர் குடிக்கப் போனால் வகுப்பே "சார், நெட்வொர்க் இல்ல" என்று கைகட்டி உட்கார்ந்துவிடும். வீட்டுப்பாடம் செய்யாத ஒருத்தன் "நேத்து போன்ல சார்ஜ் இல்ல சார்" என்றான், அட்டையை ஜன்னல் வெயிலில் வைத்து, நிரம்பும்வரை பக்கத்திலேயே நில் என்றேன், நின்றான். தையற்காரரின் மகள் முதல்முறையாகக் கேள்விகளைப் படித்துவிட்டு, இவ்வளவு கஷ்டமா என்று கேட்டாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவன் அட்டையைக் காதில் வைத்து அடுத்த பெஞ்சுக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். போனை ஆப்புக்குத்தான் தொடலாம், பேசினால் பறிமுதல் என்பது அவர் போட்ட சட்டம். அவர் கை தானாக வேலை செய்துவிட்டது, எல்லா அட்டைகளையும் பிடுங்கித் தன் அறையில் பூட்டிவைத்து, பெற்றோர் வந்து கேட்டால்தான் தருவேன் என்றுவிட்டார். மறுநாள் பெற்றோர் வரிசைகட்டி வந்தார்கள். "என் பொண்ணு போன நீங்க எப்படி எடுக்கலாம்" என்று தையற்காரர் சண்டை போட்டு, அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கும் கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்ந்தார். குருவியின் அம்மாவுக்கு லாண்டரியில் லீவு கிடைக்கவில்லை, அதனால் கடைசியில் அவளே போய் நின்று "டீச்சர், என் போன் உங்ககிட்ட இருக்கு" என்றாள். அவரும் பழக்கதோஷத்தில் "இனிமே வகுப்புல பேசக்கூடாது" என்று கண்டித்து எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். இவளுக்குத்தான் போன் இல்லையே, அப்படியானால் நீங்கள் பறிமுதல் செய்தது என்ன என்று பணிவாகக் கேட்டேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "சரி, உங்க வகுப்புலயே இருக்கட்டும், சார்ஜ் மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. இப்போது குருவி அட்டையில் கணக்குப் போடுவாள், பிறகு உன் டேப்லெட்டில் விடைகளை ஆப்பில் அவள் பெயரிலேயே தட்டிவிடுவாள்.

டேப்லெட் என் மகள் அனுப்பியது என்று குருவியிடம் சொன்னேன். உங்க பொண்ணுக்குப் போன் இருக்கா சார் என்று கேட்டாள். இரண்டு இருக்கிறது என்றேன். "அப்ப ஏன் சார் நீங்க உங்க போன எடுத்து எடுத்துப் பாத்துட்டு வச்சிடுறீங்க" என்றாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன் பாப்பா. மறுநாள் அவளே உனக்கென்று ஒன்று வெட்டிக்கொண்டு வந்தாள், இந்த உறைக்குள் இருக்கிறது. காகிதத்தை இழுத்துப் பார், அப்பா, அம்மா என்று இரண்டு பேர்தான் வருவோம். கட்டைவிரல் அனுப்ப அதில் வழியே இல்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் ஆசை. கண்விழித்து வேலை பார்க்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள். அட்டை நனையாமல் பார்த்துக்கொள், ஜன்னல் பக்கமாக வை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

ஆசிகளுடன்,
உன் அப்பா